மீஹால் ஓ முரஹார்டிக்: ஐரிஷ் மொழி வர்ணனையாளரின் 61 ஆண்டுகள் (விவாத இழை)

வானலை வாசன்:
சின்ன மொழியில் வானொலி வேலை என்று பேச்சு வந்தாலே "சோறு போடுமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மீஹால் ஓ முரஹார்டிக்கை வைத்து இதைப் பேசலாம். அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில், டிங்கிள் ஊருக்குப் பக்கத்தில், 1930 ஆகஸ்டில் பிறந்தவர். 1949 மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் நடந்த ரயில்வே கோப்பை (மாகாண அணிகள் மோதும் போட்டி) இறுதி ஆட்டத்தை முழுக்க ஐரிஷில் வர்ணித்தார். அப்போது வயது 18. ஓய்வு பெற்றது 2010-இல், 80 வயதில். மறைந்தது 2024 ஜூனில். நடுவில் உள்ள 61 வருடம் எப்படி ஓடியது? தொழில் நுணுக்கம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "மகத்தான மனிதர்" ரக அஞ்சலிகள் வேண்டாம், அது போதுமான அளவு வந்துவிட்டது.

கெர்ரிக்காரன்:
முதலில் குரல் தேர்விலிருந்து ஆரம்பிக்கலாம். அப்போது அவர் டப்ளின் டிரம்காண்ட்ராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர். ஐரிஷில் வர்ணிக்க ஆள் தேடி, மாணவர்களைக் குரோக் பார்க்கில் ஒரு ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் அயர்லாந்து ஆட்டம்) ஆட்டத்துக்கு அழைத்துப்போய், ஆளுக்குச் சில நிமிடம் மைக் கொடுத்தார்கள். கெர்ரி கேலிக் கால்பந்து (கையாலும் ஆடும் அயர்லாந்துக் கால்பந்து) மண். இவர் அதுவரை ஹர்லிங் ஆட்டமே பார்த்ததில்லை. களத்தில் முகம் தெரிந்த ஒரே ஆள் யு.சி.டி. (டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி) அணியின் கோல்கீப்பர்.

மதிப்பிடுகிறவர்கள் இருந்த இடத்திலிருந்து களம் தெரியாது, குரல் மட்டும்தான் போகும். இவர் அதைக் கவனித்துவிட்டார். கோல்கீப்பர் பந்தைத் தடுக்கிறார், அவரே எல்லைக்கோட்டுக்கு வந்து அடிக்கிறார், கடைசியில் எதிர்முனைக்குப் போய் பெனால்டியும் அவரே எடுக்கிறார். களத்தில் இதில் எதுவும் நடக்கவில்லை. பிற்காலத்தில் அவரே மேடை மேடையாகச் சொல்லிச் சிரிக்கவைத்த கதை இது. சிரிப்பைத் தள்ளிவைத்துப் பார்த்தால், அங்கே தேறியது ஆட்ட ஞானம் இல்லை. வாக்கியம் அறுபடாமல் ஐரிஷில் ஓட்டும் நாக்கு தேறியது. விளையாட்டைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், அந்த ஓட்டத்தைப் பிறகு கற்பது கஷ்டம். தேர்வு வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

பிறக்கும்போது பதிவான பெயர் மைக்கேல் மோரியார்டி. 1945-இல் கார்க் மாவட்டத்தின் பால்யா வூர்னி ஊரில், எல்லாப் பாடமும் ஐரிஷில் நடக்கும் உறைவிடப் பள்ளியில் சேர்ந்தபோதுதான் ஐரிஷ் வடிவப் பெயர் நிலைத்தது. அந்த உண்டு உறைவிட வருடங்களை அடித்தளமாகக் கொள்ளவேண்டும்.

ஒலிக்கோர்வை:
» "சோறு போடுமா?"

வெகுகாலம் போடவில்லை என்பதுதான் நேர்மையான பதில். அவர் 1980கள் வரை பள்ளி ஆசிரியர். டப்ளினில் ஐரிஷ், பொருளாதாரம், கணக்குப்பதிவு எடுத்தார். நடுவே யு.சி.டி.யில் பி.ஏ., பி.காம். முடித்தார். ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, பெரிய ஆட்டங்கள் கோடை விடுமுறையில். ஆசிரியர் வேலையின் கால அட்டவணையும் ஜி.ஏ.ஏ. (இந்த ஆட்டங்களை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம்) ஆட்ட அட்டவணையும் மோதிக்கொள்ளாது. வேறு எந்த வேலையில் இருந்திருந்தாலும் இது நீடித்திருக்காது என்பது என் கணிப்பு.

இது அவருக்கு மட்டும் நடந்த கதையும் இல்லை. 1972-இல் ஐரிஷ் மொழி வானொலி நிலையமான ராடியோ நா கேல்தாக்தா ஆரம்பித்தபோது ஊழியர் ஏழே பேர். அதில் ஆறு பேர் முன்னாள் ஆசிரியர்கள். ஐரிஷைப் பிழையில்லாமல் எழுதி, நிறுத்தி வாசிக்கத் தெரிந்த படித்த கூட்டம் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களில்தான் இருந்தது.

மீட்டர்பேண்ட்:
ஒரு ஆட்சேபம். ஓ முரஹார்டிக்கை ஐரிஷ் மொழி ஒலிபரப்பாளர் என்று கூப்பிடுவது சரியா? அவர் நாடு முழுக்கப் புகழ் பெற்றது ஆங்கில வர்ணனையால். 1985-இல் அதுவரை முதன்மை வர்ணனையாளராக இருந்த மைக்கேல் ஓஹெஹிர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு தேசிய ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.ஈ.யின் வானொலியில் முதன்மை இருக்கை இவருக்கு வந்தது. அங்கிருந்து 25 வருடம் ஆங்கிலம்தான் பிரதானம். ஐரிஷில் மட்டும் வாழ்ந்த ஒலிபரப்பாளர்களைப் பார்க்க ராடியோ நா கேல்தாக்தாவின் தலைமையகம் உள்ள காஸ்லாவுக்குப் போகவேண்டும்.

கெர்ரிக்காரன்:
1949 முதல் 1985 வரை 36 வருடம். அதில் ஓஹெஹிர் வராத நாட்களில் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார், உண்மை. ஆனால் அவருக்கென்றே இருந்த இடம் இளையோர் ஆட்டங்களின் ஐரிஷ் வர்ணனை. அன்று 18 வயசுக்குட்பட்டோர் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம், பெரியவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் அதே நாளில் அதே மைதானத்தில் நடந்துவந்தது. இதில் ஒரு பெரிய லாபம்: இன்றைக்கு இளையோர் அணியில் ஆடுகிறவன் மூன்று நான்கு வருடத்தில் பெரியவர் அணிக்கு வருவான். ஒவ்வொரு தலைமுறை வீரரையும் 17 வயசிலேயே பெயர், ஊர், அப்பா யார் என்று மனசில் ஏற்றிக்கொண்டவர் இவர். 1985-இல் பெரிய இருக்கை வந்தபோது களத்தில் புது முகமே இல்லை. ஐரிஷ் இருக்கை ஒதுக்குப்புறம் என்று நினைத்தவர்களுக்கு அது தெரியவில்லை.

போதாததற்கு பயிற்சியாளர் மிக் ஓட்வயர் காலத்து கெர்ரி அணியில் டப்ளினில் வேலை பார்த்த வீரர்களுக்குப் பயிற்சி நடத்தியவரும் இவரே. இன்றைய ஊடக விதிப்படி இது நெருடல்தான். அன்று யாரும் புருவம் தூக்கவில்லை.

பன்னிரு_புள்ளி:
ஐரிஷ் வர்ணனையின் உள்வேலைகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் ஆரம்பிக்கிறேன்.

பெயர் அட்டைதான் முதல் வேலை. ஒரு அணிக்கு 15 பேர் களத்தில், மாற்று வீரர்களோடு 26 பேர். இரண்டு அணி சேர்த்து 52 பெயர். ஒவ்வொன்றுக்கும் ஐரிஷ் வடிவம் வேண்டும். மர்ஃபி என்றால் ஓ முர்ஹூ, இது சுலபம். ஸ்மித் என்றால் சிக்கல்: ஒரு குடும்பம் மாக் கவன் என்று எழுதும், இன்னொன்று ஓ கவன் என்று எழுதும். அகராதியைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது. அந்தப் பையன் பள்ளியில் எப்படி எழுதினான் என்று கிளப் செயலாளரிடம் கேட்க வேண்டும். இறுதி ஆட்டங்களின் நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஐரிஷ் வடிவமும் அச்சாகும். ஆனால் அது அச்சுக்குப் போன பிறகும் அணி மாறும்.

பெண்கள் ஆட்டம் என்றால் இன்னொரு அடுக்கு. ஓ முர்ஹூவின் மகள் நீ வுர்ஹூ. முன்னொட்டு மாறும், அதைத் தொடர்ந்து குடும்பப்பெயரின் முதல் ஒலியும் மாறும். ஆண்கள் ஆட்டத்துக்குச் செய்த அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே தடுமாறுவீர்கள்.

அட்டையில் எண்களின் இடம் முக்கியம். 1 கோல்கீப்பர், 2-4 கடைசித் தடுப்பு, 5-7 நடுத்தடுப்பு, 8-9 மையம், 10-12 முன்வரிசை, 13-15 கடைசித் தாக்குதல். களத்தில் நிற்கிற வரிசையிலேயே எழுதவேண்டும், அகரவரிசையில் எழுதினால் கண் தேடிக்கொண்டே இருக்கும். பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே பொய்யான வரிசையை அறிவிப்பதும் உண்டு. 6-ஆம் எண்காரர் 3-இல் வந்து நிற்பார். அதனால் பந்து வீசுவதற்கு முந்தைய இரண்டு நிமிடம் அட்டையில் அம்புக்குறி போடும் நேரம். அந்த நேரத்தில் விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க ஒத்துக்கொள்ளக் கூடாது.

வானலை வாசன்:
நல்ல பதிவு. புள்ளி சொல்வதிலும் சிக்கல் உண்டு என்று படித்தேனே?

பன்னிரு_புள்ளி:
உண்டு. ஹர்லிங்கில் கோல் ஒன்றுக்கு 3 புள்ளி, கம்பத்துக்கு மேலே போனால் 1. பலகையில் "1-12, 0-14" என்று நிற்கும். முதல் அணிக்கு 15, இரண்டாவதுக்கு 14. மொத்தத்தைப் பலகை பெரும்பாலும் காட்டாது, கேட்கிறவர் மனசில் கூட்டவேண்டும். எனவே யார் முன்னால், எத்தனை வித்தியாசம் என்பதைச் சேர்த்துச் சொல்வது வர்ணனையாளர் கடமை.

ஐரிஷில் 12 புள்ளி என்பதை "இரண்டு - புள்ளி - பத்து" என்கிற அமைப்பில் சொல்வார்கள். பெயர்ச்சொல் எண்ணுக்கு நடுவில் உட்காரும். கூட்டம் கத்தும்போது கடைசி அசை முழுங்கிப்போனால் கேட்பவர் காதில் 12 புள்ளி 2 ஆகிவிடும். ஆங்கிலத்தில் இந்த ஆபத்து இல்லை. மேலும் புள்ளி என்ற சொல்லின் முதல் ஒலி 2 முதல் 6 வரை ஹகரம் கலந்து மென்மையாகும், 7 முதல் 10 வரை k போன்ற அந்த ஒலி g போல அதிரும். பழக்கப்பட்ட காதுக்கு இது வரம். எண் காற்றில் போனாலும் சொல்லின் தொடக்கத்தை வைத்து 6-ஆ 7-ஆ என்று பிடித்துவிடலாம். இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டு மைக் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுவார்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. ஐரிஷில் வினை முதலில் வரும்: "அடித்தான் ஷான் பந்தை." செயலைச் சொல்லிவிட்டு, முதுகு எண்ணைப் பார்த்துப் பெயரைப் போடலாம். அரை நொடி கையில் கிடைக்கும். ஹர்லிங் பந்து மணிக்கு 150 கி.மீ. தாண்டிப் பறக்கிற ஆட்டத்தில் அரை நொடி பெரிசு. வினையைக் கடைசியில் வைக்கிற நம் வாக்கியத்தில் இதைச் செய்து பாருங்கள், தெரியும்.

காஸ்லா_கேட்போன்:
மீட்டர்பேண்ட் கிளப்பிய விஷயத்துக்கு வருகிறேன். நிலைய வேலை, வர்ணனை வேலை, இரண்டும் வேறுவேறு பிழைப்பு. 

1970 ஈஸ்டரில் மேற்கு அயர்லாந்தில் கானமாராவின் ரோஸ்மக்கில் கேல்தாக்ட் (ஐரிஷ் பேசும் பகுதிகள்) குடிமை உரிமை இயக்கத்தார் அனுமதியில்லாமல் ஒரு நிலையத்தை ஓட்டினார்கள், பெயர் சயர் ராடியோ ஹானமாரா. ஐரிஷ் பேசும் பகுதிகளுக்கு ஒரு நிலையம் நடத்துவது முடியாத காரியம் இல்லை என்று காட்டியது அதுதான். 1972 ஏப்ரல் 2, அதுவும் ஈஸ்டர் ஞாயிறு, ராடியோ நா கேல்தாக்தா ஆரம்பம். முதலில் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும், அதுவும் மூன்று முக்கிய கேல்தாக்ட் பகுதிகளிலும் அவற்றை ஒட்டியும் மட்டும். 24 மணி நேரமானது 2001-இல். ஆங்கில வரிகள் உள்ள பாட்டே போடக்கூடாது என்ற விதி 2005 வரை இருந்தது. அந்த வருடம் இரவு நேர இளைஞர் நிகழ்ச்சிக்காகத் தளர்த்தினார்கள்.

இங்கே வேலை பார்ப்பவர் ஒரே நாளில் செய்தி வாசிப்பார், மரண அறிவித்தல் வாசிப்பார், மீன்பிடித் துறை ஆளைப் பேட்டி எடுப்பார், சனி ஞாயிறு ஆட்டத்துக்கும் போவார். மரண அறிவித்தலை இளக்காரமாக நினைக்காதீர்கள். அதற்கென்றே வானொலியைப் போடுகிற வீடுகள் நிறைய. ஊர்ப்பெயர், பட்டப்பெயர், யார் மகன் என்ற சங்கிலி, அடக்க நேரம், இதில் ஒன்று பிசகினாலும் கேட்கிறவர்களின் நம்பிக்கை போய்விடும். புதிதாக வருகிறவர் முதலில் ஒழுங்காகக் கற்கவேண்டியது இதைத்தான் என்பேன்.

ஒலிக்கோர்வை:
வட்டார வழக்கையும் சொல்லிவிடுங்கள். டனிகால் (வடக்கு), கானமாரா (மேற்கு), கெர்ரி (தெற்கு) என்று மூன்று இடத்திலும் ஸ்டுடியோ வைத்ததற்குக் காரணமே அதுதானே.

காஸ்லா_கேட்போன்:
ஆமாம். "எப்படி இருக்கீங்க" என்பதையே தெற்கில் "குனஸ் தா தூ", மேற்கில் "கேன் ஹீ வில் தூ", வடக்கில் "காஜே மர் அதா தூ" என்பார்கள். ஆரம்ப வருடங்களில் டனிகால் பேச்சு புரியவில்லை என்று தெற்கிலும், தெற்குப் பேச்சு புரியவில்லை என்று வடக்கிலும் புகார். நிலையம் பொதுநடை ஒன்றைத் திணிக்கவில்லை. அவரவர் வழக்கிலேயே பேசவிட்டது. வருடக்கணக்கில் கேட்டுக்கேட்டுக் காதுகள் பழகின. தொழிலுக்கு வருகிறவர் இதில் செய்யும் பெரிய தப்பு, மூன்று வழக்கையும் கலந்து பேசுவது. யாருக்கும் சொந்தமில்லாத குரலாகிவிடும். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டைப் புரிந்துகொள்ளப் பழகுங்கள்.

செய்தி மேசையில் இன்னொரு தலைவலி: ஐரிஷ் பேசத் தெரிந்த நிபுணர். 2022 மக்கள்தொகைக் கணக்கில் ஐரிஷ் தெரியும் என்று பதிந்தவர்கள் 18,73,997. பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968. இதற்குள்ளேதான் அணுசக்தி தெரிந்தவர், ஐரோப்பிய விவசாய மானியம் தெரிந்தவர், இதய நோய் தெரிந்தவர் எல்லாரையும் தேடவேண்டும். அதனால் ஒரே பத்துப் பேர் எல்லாவற்றுக்கும் வருவார்கள். கெட்டிக்காரத் தயாரிப்பாளரின் உண்மையான சொத்து அவருடைய தொலைபேசிப் புத்தகம்.

கம்பி_முருகேசன்:
கருவிப் பக்கம் நான். அரங்க வர்ணனைக்கு உதட்டு மைக் என்று ஒன்று, ரிப்பன் வகை. மேலே உள்ள பட்டையை மேலுதட்டில் ஒட்டி வைத்துப் பேசவேண்டும். வாய்க்கும் ரிப்பனுக்கும் இடைவெளி சுமார் 5 செ.மீ. நிலையாக நிற்கும், 80,000 பேர் கத்தினாலும் குரல் தனியாக எழும். உற்சாகத்தில் மைக்கை உதட்டிலிருந்து இறக்கினால் அடித்தொனி போய், குரல் தகரத்தில் தட்டியது போல் வரும். கோல் விழுகிற நொடியில்தான் எல்லாரும் இறக்குவார்கள்!

கம்பி வழி அடுத்தது. சாதாரண தொலைபேசி 3.4 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஐரிஷில் ஸகரமும் ஷகரமும் பொருளையே மாற்றும் ஒலிகள், அவற்றைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. தொலைபேசியில் வந்த ஐரிஷ் வர்ணனை களைப்பூட்டுவதற்கு ஒரு காரணம் இது. 7 கிலோஹெர்ட்ஸ் தரும் ஐ.எஸ்.டி.என். கோடெக் (டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் கருவி) வந்ததும் நிலைமை தேறியது, இப்போது இணையம் வழி அனுப்பும் ஐ.பி. கோடெக்.

ஐ.பி.யில் வேறு தொல்லை. தாமதம். ஸ்டுடியோவிலிருந்து திரும்பி வரும் ஒலியில் உங்கள் குரலும் கலந்து வந்தால் கால் நொடி கழித்து உங்களையே கேட்பீர்கள், நாக்கு குழறும். தீர்வு: திரும்பும் ஒலியில் வர்ணனையாளர் குரலைக் கழித்து அனுப்பச் சொல்லவேண்டும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இதைச் சோதித்துவிடுங்கள். இரண்டாவது வழியாக ஒரு கைபேசி இணைப்பும் தயாராக இருக்கட்டும்.

இணைப்பு நேரம் தீர்ந்துபோவது இன்னொரு பழைய பயம். 1947-இல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் கேவன் - கெர்ரி இறுதி ஆட்டம். தொடக்கச் சடங்குகள் நீண்டதால், பதிவு செய்திருந்த அட்லாண்டிக் இணைப்பு ஆட்டம் முடிவதற்குள் அறுந்துவிடும் நிலை. ஓஹெஹிர் நேரலையிலேயே இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று மன்றாடினார். கொடுத்தார்கள்.

மீட்டர்பேண்ட்:
சரி, ஒரு விஷயம் ஒப்புக்கொள்ளலாம்: ஆங்கிலத்துக்கு மாறிய பிறகும் அவர் ஐரிஷை விடவில்லை. ஆங்கில வர்ணனைக்கு நடுவே ஐரிஷ் வாக்கியங்கள் சர்வசாதாரணமாக வந்துபோகும். மொழிபெயர்ப்பு தரமாட்டார். ஆட்டம் தெரிந்தவனுக்குச் சூழலிலேயே புரியும். ஐரிஷ் நிலையத்தை ஒருநாளும் திருப்பாத வீடுகளுக்கும் மொழி இப்படிப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் என் கட்சி மாறவில்லை. அவர் பாதை திரும்ப நடக்காது. ஆசிரியர் சம்பளத்தில் 30 வருடம் காத்திருக்க இன்று யாரால் முடியும்?

கெர்ரிக்காரன்:
காத்திருந்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் ஆசிரியர் வேலையை விரும்பித்தான் செய்தார். பெரிய இருக்கை வருமென்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

தயாரிப்புக்கு ஒரு உதாரணம் தருகிறேன். கார்க் அணியின் ஷான் ஓக் ஓ ஹால்பின் பந்தை எடுக்கிறார். இவர் சொன்னதன் சாரம்: அப்பா ஃபெர்மானாக்காரர், அம்மா ஃபிஜிக்காரர், இரண்டுமே ஹர்லிங்குக்குப் பேர்போன ஊர் இல்லை. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நொடியில் பிறந்த வாக்கியம் போலத் தெரியும். ஆனால் அப்பா ஊர், அம்மா ஊர் முன்கூட்டியே பையில் இல்லாமல் அது வராது. ஒவ்வொரு வீரருக்கும் இப்படி இரண்டு துணுக்கு வைத்திருந்தால் 70 நிமிடத்தில் அதில் பத்தில் ஒன்றுதான் வெளியே வரும். மீதியை வீணாக்கத் துணிய வேண்டும். தயாரித்ததையெல்லாம் சொல்லியே தீருவேன் என்கிறவர்கள் பந்தைத் தவறவிடுவார்கள்.

பன்னிரு_புள்ளி:
இன்றைய பாதையைச் சொல்லிவிடுகிறேன். டப்ளினில் 1993 முதல் ராடியோ நா லிஃபே இருக்கிறது, தன்னார்வலர்கள் ஓட்டுவது. மைக், மிக்ஸர், எடிட்டிங் மூன்றையும் காசில்லாமல் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. பெல்ஃபாஸ்டில் ராடியோ ஃபால்சே, 2006-இல் உரிமம் பெற்றது. படிப்பு என்றால் டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தில் (டி.சி.யு.) ஐரிஷும் இதழியலும் சேர்ந்த பட்டம். 1996 அக்டோபர் 31 முதல் ஐரிஷ் தொலைக்காட்சியும் வந்துவிட்டது, அதுதான் இப்போதைய டி.ஜி.4. அவர்கள் ஆட்டங்களை ஐரிஷிலேயே வர்ணிக்கிறார்கள், ஆகவே ஞாயிற்றுக்கிழமை மைக்குகள் கூடியிருக்கின்றன. ஒரே வேலையில் நிற்காமல் வானொலிச் செய்தி, தொலைக்காட்சி வர்ணனை, ஆவணப்படக் குரல், மொழிபெயர்ப்பு என்று நாலு கால் வைத்துத்தான் பலர் நிற்கிறார்கள். ஆசிரியர் சம்பளம் இருந்த இடத்தில் இன்று இது இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வானலை வாசன்:
கடைசியாக ஒன்று. இங்கிருந்து ஐரிஷ் வர்ணனையை நேரலையில் கேட்க என்ன வழி?

கம்பி_முருகேசன்:
ராடியோ நா கேல்தாக்தாவின் இணைய ஓடை. அகில அயர்லாந்து இறுதி ஆட்டங்கள் முன்பு செப்டம்பரில் நடந்தன, 2022 முதல் ஜூலையில். அயர்லாந்தில் கோடை நேரம் என்பதால் நம் நேரம் நாலரை மணி முன்னால். பிற்பகல் 3:30-க்கு ஆட்டம் என்றால் இங்கே இரவு 8.

தொலைக்காட்சியை ஊமையாக்கி வானொலி வர்ணனையை வைத்துப் பார்ப்பது அங்கே ஓ முரஹார்டிக் காலத்துப் பழக்கம். அன்று இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இன்று ஓடைக்கு ஓடை தாமதம் வேறுபடும், சிலசமயம் அரை நிமிடம் வரை. ஒலி முந்தி வந்தால் அதை நிறுத்திவைத்து, நடுவர் பந்து வீசும் காட்சி திரையில் வரும்போது மறுபடி ஓட்டுங்கள். படம் முந்தி வந்தால் படத்தை நிறுத்துங்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் மறுபடி சரிபார்க்கவேண்டும், ஓடையைச் சேர்த்துவைக்கும் தாங்கல் நினைவகம் காலியாகி மறுபடி நிரம்பும்போது இடைவெளி நகர்ந்துவிடும்.